மலை ரயில் ஒரு நாள், ராஃப்டிங் மறுநாள்

மலை ரயிலுக்கு டிக்கெட் எடுக்கும் முன் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் என்று வரைபடத்தில் பாருங்கள். நான் ஒருமுறை பார்க்காமல் உட்கார்ந்து, வழி முழுக்கப் பாறைச் சுவரையே ரசித்தேன். ரயில் ஒருவழி போதும். இரண்டாம் முறை பிள்ளைகளுக்குச் சலித்துவிடும்.

அப்புறம் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் வேகமாக ஓடும் ஆற்றில் போவது. ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். சிறுவர்களோடு என்றால் 1, 2 போதும். மழை பெய்து வெள்ளம் கூடினால் அதே ஆறு வேறு ஆறாகிவிடும். காலையிலேயே வழிகாட்டியிடம் கேளுங்கள். லைஃப் ஜாக்கெட்டைத் தோளில் பிடித்துத் தூக்கிப் பாருங்கள், காதுவரை ஏறினால் தளர்வு. தண்ணீரில் விழுந்தால் மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும். நிற்க முயன்றால் பாறையிடுக்கில் கால் சிக்கும். என் பிள்ளைகளைக் கரையில் படுக்கவைத்தே பழக்கினேன். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு கட்டுங்கள். என்னுடையது ஆற்றோடு போயிற்று.