கதை கெடாமல் கார்டு ஆட

நாவல்களை வைத்து வரும் கார்டு விளையாட்டுகள்தான் எங்களுக்கு. சுங்கை சிப்பூட்டில் ஒட்டுக்கடை மேசையில்தான் ஆட்டம். போன மாதம் ஒரு தம்பி கார்டைப் புரட்டினான். அவன் பாதி படித்திருந்த நாவலில் யார் சாகிறார் என்று தெரிந்துபோனது. தே தாரிக் ஆறும்வரை பேசவில்லை, பாவம்.

இப்போதெல்லாம் “எது வரை படித்தாய்?” என்று கேட்ட பிறகே கட்டைக் கலைக்கிறோம். கார்டின் அடியில் சாய்வெழுத்தில் வரும் கதை வரிதான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கும். அதைச் சத்தமாக வாசிக்காதீர்கள்.

டோல்கீனின் நாவலை வைத்து 2011இல் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கார்டு விளையாட்டின் முதல் பெட்டி அவ்வளவு ஆபத்தில்லை. நாவலின் பாத்திரங்களான பில்போவின் 111ஆவது பிறந்தநாளுக்கும் ஃபுரோடோ ஊரைவிட்டுக் கிளம்புவதற்கும் இடையே உள்ள 17 ஆண்டுகளில் நடப்பது அது. அதே விளையாட்டின் ‘சாகா’ பெட்டிகளோ நாவலின் வழியிலேயே போகும். நாவலைப் படித்து முடித்த பிறகு அவற்றைப் பிரியுங்கள்.