முகத்தை உறைய வைப்பது உங்கள் மூச்சுதான்: ஸ்னோமொபைலில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

போன வாரம், புதிதாக ஸ்னோமொபைல் (பனிமேல் ஓடும் மோட்டார் வண்டி) ஓட்ட வந்த நான்கு பேரை உறைந்த ஏரி வழியாகக் கூட்டிப்போனேன். அன்று மைனஸ் 26 டிகிரி. கிளம்பும்போது எல்லோரும் கண் மட்டும் தெரிகிற அளவுக்கு மூடிக்கொண்டுதான் வந்தார்கள். நாற்பது நிமிடம் கழித்து வண்டிகளை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றினால், இரண்டு பேருடைய குரங்குக் குல்லாவில் வாய்க்கு நேராக உள்ளங்கை அகலத்துக்குப் பனிக்கட்டி. ஒருவருக்கு மூக்கு நுனி மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. "வலிக்கவே இல்லையே" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது அந்த வார்த்தைதான், ஏனென்றால் முதல் வருடம் நானும் அதையே சொன்னேன்.

ஹெல்மெட் போடாமல் ஏறுவது, காதை மூடாமல் விடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அது யாருக்கும் தெரியும். கவனமாகக் கிளம்புகிறவர்களே செய்கிற தவறுகளைச் சொல்கிறேன்.

வெப்பநிலையைப் பார்த்து, வேகத்தை மறப்பது

மைனஸ் 20 டிகிரியில் காற்றில்லாத இடத்தில் நின்று பேசிக்கொண்டிருக்கலாம். அதே குளிரில் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால், மூடாத தோலுக்கு அது மைனஸ் 36 மாதிரி. மைனஸ் 30-இல் அதே வேகம் என்றால் மைனஸ் 50. முதல் கணக்கில் பத்து நிமிடத்திலிருந்து அரை மணிக்குள் பனிக்கடி, அதாவது தோல் உறைந்து கெடுவது, வரலாம். இரண்டாவதில் இரண்டு நிமிடத்திலிருந்து ஐந்து நிமிடம்தான். அன்று காற்றே அடிக்க வேண்டாம், வண்டியே காற்றை உண்டாக்கிவிடும். எதிர்க்காற்றும் இருந்தால் அதையும் வேகத்தோடு கூட்டிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் போனில் பார்க்கிற வெப்பநிலை, நிற்கிறவருக்கானது.

வாய்க்கு மேல் துணிமேல் துணி போடுவது

இதைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். இத்தனை வருடத்துக்குப் பிறகும் யாராவது தடிமனான கம்பளிக் குல்லாவை வாய்க்கு மேல் இழுத்து, அதற்கு மேல் இன்னொரு துணியைச் சுற்றி, "நல்லா கதகதப்பா இருக்கு" என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வந்துவிடுகிறது. அந்த மனிதர்மேல் இல்லை. இதை அவருக்கு முன்பே யாரும் சொல்லித் தரவில்லையே என்பதால்.

நடப்பது இதுதான். நாம் வெளியே விடுகிற மூச்சு சூடானது, ஈரம் நிறைந்தது. வாய்க்கு முன்னால் துணி இருந்தால் அந்த ஈரம் துணியிலேயே தங்கும். முதல் பத்து நிமிடம் இதமாகத்தான் இருக்கும். பிறகு துணியின் வெளிப்பக்கம் உறையும். உறைந்த பக்கம் வழியாக மூச்சு வெளியே போக முடியாமல் உள்பக்கமும் நனையும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும், பனிக்கட்டி அதைவிடவும் வேகமாக. கன்னத்தைக் காக்கப் போட்ட துணி, கன்னத்தின் சூட்டை உறிஞ்சி வெளியே தள்ளுகிற பலகையாக மாறிவிடுகிறது.

கீழே போக வழியில்லாத மூச்சு மூக்கின் இரு பக்கமாக மேலே ஏறுகிறது. காகிள்ஸோ (கண்ணை மூடும் பனிக்கண்ணாடி) வைசரோ (ஹெல்மெட்டின் முன்பக்கக் கண்ணாடி) புகைமூட்டமாகிறது, அடுத்து அந்த மூட்டமும் உறைகிறது. பாதை தெரியவில்லை. என்ன செய்வோம்? ஒரு கையால் வைசரைத் தூக்குவோம், "ஒரு நிமிடம்தானே" என்று. அந்த ஒரு நிமிடத்தில்தான் முகம் போகிறது. ஏற்கனவே நனைந்திருக்கிற கன்னத்தில் நேராகக் காற்று அடிக்கிறது.

என் கதையும் இப்படித்தான். முதல் குளிர்காலம், மாலை நேரம். கடைசிப் பதினைந்து கிலோமீட்டரை வைசரைத் தூக்கிவைத்துக்கொண்டே ஓட்டினேன். இடது கன்னத்தில் முதலில் ஊசி குத்துவது போல இருந்தது, அப்புறம் அது நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று நினைத்தேன். வீட்டுக்குள் வந்ததும் கூட வந்த அண்ணன் என் முகத்தைப் பார்த்து, "தம்பி, கன்னத்தைத் தொட்டுப் பாரு" என்றார். நாணய அளவுக்கு வெள்ளையாக, கெட்டியாக, தொட்டால் என் தோல் என்றே தெரியாமல் இருந்தது. சூடு திரும்பியபோது வந்த எரிச்சலில் அன்று இரவு தூங்கவில்லை. மறுநாள் கொப்புளம். இன்றும் மைனஸ் 10 வந்தாலே வலிப்பது முதலில் அந்த இடம்தான். ஒருமுறை பனிக்கடி பட்ட தோல் அடுத்த முறை சீக்கிரம் பாதிக்கப்படும் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, என்ன செய்வது? துணியைக் கூட்டாதீர்கள், மூச்சுக்கு வழி விடுங்கள். ஸ்னோமொபைல் ஹெல்மெட்டுக்குள் மூக்கையும் வாயையும் மூடுகிற மாதிரி ஒரு பிரெத் பாக்ஸ் பொருத்தலாம். நாம் விடுகிற மூச்சை அது பக்கவாட்டிலோ கீழேயோ வெளியே அனுப்பிவிடும், கண்பக்கம் ஏறவிடாது. ஆனால் மூக்குத்தண்டில் அது இடைவெளி இல்லாமல் உட்கார வேண்டும். தடித்த குல்லாவுக்கு மேல் மாட்டினால் உட்காராது. இதனால்தான் குல்லா மெல்லியதாக, மெரினோ கம்பளியிலோ பாலியஸ்டரிலோ இருக்க வேண்டும் என்று சொல்கிறேன். பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். வைசர் இரட்டைக் கண்ணாடியாக இருக்கட்டும். நெடுந்தூரம் போகிறவர்கள் வண்டியிலிருந்து மின்சாரம் எடுத்துச் சூடாகிற வைசர் வாங்கினால் நல்லது. அது இருந்தாலும் பிரெத் பாக்ஸ் வேண்டும்.

ஆர்க்டிக் பகுதி இனுயிட் மக்கள் பார்க்கா அங்கியின் தலைமூடி விளிம்பில் வுல்வரின் என்ற விலங்கின் ரோமத்தை வைத்துத் தைப்பார்கள். அதில் மூச்சின் ஈரம் படிந்து உறைந்தாலும், கையால் தட்டினால் உதிர்ந்துவிடும். குளிரில் மூச்சை எப்படிக் கையாள வேண்டும் என்பதை அவர்கள் நமக்கு எத்தனையோ தலைமுறை முன்பே தெரிந்துவைத்திருந்தார்கள்.

இன்னொன்று, ஒரே குல்லாவோடு கிளம்பாதீர்கள். நான் மூன்று எடுத்துப்போகிறேன். மாற்று இரண்டும் பிளாஸ்டிக் உறையில், கோட்டுக்குள் நெஞ்சோடு ஒட்டி இருக்கும். நிறுத்தும்போதெல்லாம் விரலால் வாய்ப்பக்கத்தைத் தொட்டுப் பார்ப்பேன். ஈரம் என்றால் உடனே மாற்றிவிடுவேன். "இன்னும் அரை மணிதானே" என்று ஈரத்தோடு ஓட்டுவதில்லை.

காகிள்ஸை நெற்றிக்கு ஏற்றுவது

நிற்கும்போது காகிள்ஸை நெற்றிமேல் தள்ளிவிட்டால், தலையிலிருந்து கிளம்பும் ஈர ஆவி நேராக லென்ஸுக்குள் போகும். திரும்ப இறக்கும்போது உள்ளே பனி படிந்திருக்கும். அதைக் கையுறையால் தேய்த்தால் மூட்டம் பிடிக்காமல் இருக்கப் பூசிய மேல்பூச்சும் போய்விடும். கழற்றுவதானால் முழுதாகக் கழற்றிக் கோட்டுக்குள் வையுங்கள்.

விரல் அகல இடைவெளி

காகிள்ஸின் கீழ் விளிம்புக்கும் முகமூடிக்கும் நடுவே, கன்ன எலும்பின்மேல் ஒரு கீற்றுத் தோல் தெரியும். புதியவர்களுக்குப் பனிக்கடி அதிகம் வருகிற இடம் அதுதான். கிளம்புமுன் கூட இருப்பவரை எதிரே நிற்கவைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம் கண்ணுக்கு அது தெரியாது. அலாஸ்காவில் நடக்கும் அயர்ன் டாக் என்ற நெடுந்தூர ஸ்னோமொபைல் பந்தயத்தில் ஓட்டுகிறவர்கள் கன்னத்திலும் மூக்கிலும் டேப் ஒட்டிக்கொள்வார்கள். நீங்களும் ஒட்டலாம். வீட்டுக்குள், உலர்ந்த தோலில் ஒட்டுங்கள். கழற்றும்போதும் சூடான இடத்தில் மெதுவாக உரித்தெடுங்கள்.

மப்ளர்

வேண்டாம். தொங்குகிற நுனி ட்ராக்கில் (வண்டிக்கு அடியில் சுழலும் பட்டை) மாட்டினால் கழுத்தை இழுத்துவிடும்.

கழுத்தில் துணி எந்தப் பக்கம் போகிறது

கழுத்தில் மாட்டும் குழாய் போன்ற நெக் வார்மரை எல்லோரும் வாங்கிவிடுகிறார்கள். ஆனால் அதன் கீழ்ப்பகுதியைக் கோட்டு காலருக்கு வெளியே விட்டுவிடுகிறார்கள். முன்னால் போகிற வண்டி வாரியடிக்கும் பனித்தூள் அதன் வழியாக உள்ளே இறங்கி, நெஞ்சில் உருகி, உடம்பை நனைக்கும். கீழ்ப்பகுதி கோட்டுக்குள் நெஞ்சுவரை இறங்கட்டும், மேல்பகுதி ஹெல்மெட்டுக்குள் போகட்டும். கழுத்தில் பெரிய ரத்தக்குழாய்கள் தோலுக்குப் பக்கத்திலேயே ஓடுகின்றன, அங்கே காற்று புகுந்தால் உடம்பு முழுக்கச் சில்லிட்டுப்போகும்.

அதற்காகக் கழுத்தைத் திருப்பவே முடியாத அளவுக்குத் தடிமனாகச் சுற்றுவதும் தப்பு. பின்னால் வருகிற வண்டியைத் திரும்பிப் பார்க்க முடிய வேண்டும். மாட்டிக்கொண்டதும் இரண்டு தோளையும் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அசைவில் எங்கே தோல் தெரிகிறது என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

வாஸ்லின் பூசுவது

காக்காது. பின்லாந்து ராணுவ வீரர்களிடம் செய்த ஆய்வில், க்ரீம் பூசியவர்களுக்கு முகத்திலும் காதிலும் பனிக்கடி அதிகமாகத்தான் வந்திருந்தது. பூசியதால் பாதுகாப்பாக இருப்பதாக ஒரு எண்ணம் வருகிறது, அப்புறம் மூட வேண்டிய இடத்தை மூடாமல் விட்டுவிடுகிறார்கள்.

கம்மல், மூக்குத்தி

கழற்றிவிடுங்கள். உலோகம் தோலின் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். மெட்டல் ஃப்ரேம் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் ஃப்ரேம் போடுங்கள்.

ஹெல்மெட்டை வண்டியிலேயே விட்டுவருவது

உள்ளே இருக்கிற ஈரம் இரவில் உறையும். காலையில் பனிக்கட்டிக்குள் தலையை நுழைக்கிறோம். ஹெல்மெட், பிரெத் பாக்ஸ், கையுறை எல்லாம் வீட்டுக்குள் வந்து காய வேண்டும்.

வெள்ளைப் புள்ளியைப் பார்த்தும் ஓட்டிக்கொண்டே போவது

ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒருவர் முகத்தை ஒருவர் பாருங்கள். வெளுத்த புள்ளி தெரிந்தால் அங்கேயே நின்று, கையுறையைக் கழற்றி, சூடான உள்ளங்கையை அதன்மேல் அழுத்தாமல் வையுங்கள். தேய்க்காதீர்கள், பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். சில நிமிடத்தில் நிறமும் உணர்வும் திரும்பினால் காய்ந்த துணியால் மூடிக்கொண்டு அருகில் இருக்கிற சூடான இடத்துக்குப் போங்கள். தோல் கெட்டியாகவே இருந்தால் நெருப்புக்கு நேராகக் காட்டாதீர்கள், மரத்த தோல் வெந்துபோவது தெரியாது. வழியிலேயே இளக்கி மறுபடி உறையவிட்டால் சேதம் இன்னும் ஆழமாகும், ஆகவே நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

போன வாரம் மூக்கு வெளுத்தவருக்கு ஆறு நிமிடத்தில் சிவப்பு திரும்பியது. அதன் பிறகுதான் அவர் "எரியுது" என்றார். என் பையிலிருந்த மூன்றாவது குல்லாவை அவருக்கு மாட்டிவிட்டு, போகிற திட்டத்தை விட்டு வீட்டுக்கே திரும்பினோம்.