டி செல்லுக்குப் புற்றுநோய் தெரியாது, கதவு எண்தான் தெரியும்

நோயெதிர்ப்பு வெள்ளணுக்களான டி செல்களை மாற்றியமைத்துப் புற்றுநோயை எதிர்க்க வைப்பதுதான் கார்-டி சிகிச்சை. அதை விளக்கும்போது பலரும் சொல்லும் வரி இது: "புற்றுநோய்ச் செல்லில் மட்டும் இருக்கும் புரதத்தைத் தேடி அழிக்கும்." இதில் அந்த 'மட்டும்' தப்பு. மற்ற குழப்பங்கள் பலவும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

சிடி19 புரதத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்டிபாடி உருவாக உதவும் வெள்ளணு பி செல். புற்றாக மாறிய பி செல்லின் மேற்பரப்பிலும் அந்தப் புரதம் இருக்கிறது, நல்ல பி செல்லிலும் இருக்கிறது. நோயாளியின் டி செல்களைப் பிரித்தெடுத்து, சிடி19-ஐப் பிடிக்கும் ஏற்பியை அவற்றில் உருவாக்கி, திரும்ப உடலில் ஏற்றுகிறார்கள். அந்த டி செல் சிடி19 என்ற கதவு எண்ணை மட்டும் பார்க்கும். உள்ளே இருப்பவர் யார் என்று கேட்காது. அதனால் இரண்டு வகை பி செல்லும் அழிகின்றன. பி செல் இல்லாமலும் ஒருவர் வாழ முடியும், ஆன்டிபாடி குறைந்தால் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆன்டிபாடியையே வெளியிலிருந்து ஏற்றிச் சமாளிக்கலாம். சிடி19 நல்ல இலக்கு ஆனதற்கு இது முக்கியக் காரணம். 2023 அக்டோபரில் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 என்ற கார்-டி சிகிச்சையும் இதே எண்ணைத்தான் தேடிப் போகிறது.

எல்லா உறுப்பும் பி செல்லைப் போல விட்டுக்கொடுக்கக் கூடியதல்ல. சில மார்பகப் புற்றுச் செல்களின் மேற்பரப்பில் அதிகமாக இருக்கும் ஹெர்2 புரதத்தைத் தடுக்கும் டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி மருந்து 1998 முதல் மார்பகப் புற்றுக்குப் பயன்படுகிறது. ஆன்டிபாடியை உடல் தாங்குகிறது என்றால் டி செல்லையும் தாங்கும் என்று நினைக்கத் தோன்றும், இல்லையா? அமெரிக்காவில் பெருங்குடல் புற்று பரவிய ஒரு நோயாளிக்கு ஹெர்2-ஐக் குறிவைத்த சுமார் ஆயிரம் கோடி டி செல்கள் ஏற்றப்பட்டன. 15 நிமிடத்துக்குள் மூச்சுத்திணறல். ஐந்து நாளில் மரணம். 2010-இல் வெளியான அந்த அறிக்கை, நுரையீரல் செல்களில் மிகக் குறைவாக இருந்த ஹெர்2-ஐ டி செல்கள் கண்டுகொண்டிருக்கலாம் என்றது. ஆன்டிபாடி கண்டுகொள்ளாமல் விடும் அளவுகூட டி செல்லுக்குப் போதுமானதாக இருக்கலாம்.

அப்புறம், இலக்கு நிலையாக இருக்கும் என்ற நம்பிக்கை. சிகிச்சைக்குப் பின் திரும்பி வரும் ரத்தப் புற்றில் சில சமயம் சிடி19 இருப்பதில்லை. எண்ணை அழித்துவிட்ட வீட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? நோய் திரும்பினால் பழைய ரிப்போர்ட்டை வைத்து முடிவெடுக்காமல் மறுபடி பரிசோதிப்பது இதற்காகத்தான்.

இலக்கு வெளியே தெரியாமலும் போகலாம். புற்றோடு தொடர்புடைய பி53 போன்ற புரதங்கள் செல்லுக்குள் இருப்பவை. வழக்கமான கார்-டி ஏற்பி வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத்தான் பிடிக்கும். உள்ளே இருப்பதன் துண்டுகளை எச்.எல்.ஏ. மூலக்கூறு மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். அதைப் படிப்பது டி செல்லின் இயல்பான ஏற்பி. எச்.எல்.ஏ. ஆளுக்கு ஆள் மாறும் என்பதால் அந்த வழிச் சிகிச்சை எல்லோருக்கும் பொருந்தாது.

கடைசியாக பிடி-எல்1. இதுவும் மேற்பரப்புப் புரதம்தான், ஆனால் பொதுவாகப் பேசப்படுவது இலக்காக அல்ல, பிரேக்காக. அது டி செல்லின் மேல் உள்ள பிடி-1 என்ற ஏற்பியைத் தொட்டால் டி செல் அடங்கிவிடும். பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்து அந்தத் தொடர்பைத் தடுக்கிறது. நுரையீரல் புற்று ரிப்போர்ட்டில் "பிடி-எல்1 50%" என்றிருந்தால், சோதித்த மாதிரியில் உள்ள புற்றுச் செல்களில் பாதியின் மேற்பரப்பில், பிடி-எல்1-ஐக் காட்டும் சோதனைச் சாயம் பிடித்திருக்கிறது என்று பொருள். குணமாகும் வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று படித்துவிடாதீர்கள்.