விரலை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்

வேளச்சேரியில் மூன்றாவது மாடிக்குக் குடிவந்த முதல் வருடம் நான்கு செடிகளைக் கொன்றேன். நான்குமே தண்ணீர் அதிகமாகிச் செத்தவை. சொந்த வீட்டு முற்றத்தில் துளசிக்கும் மல்லிகைக்கும் தினமும் ஊற்றிப் பழகிய கை, ஹாலுக்குள்ளும் சும்மா இருக்கவில்லை. ஒருநாள் பாம்புச் செடியின் இலை அடியில் கொழகொழத்துச் சாய்ந்தது. தாகம் போலிருக்கிறது என்று இன்னொரு சொம்பு ஊற்றினேன். மறுநாள் தொட்டதும் இலை கையோடு வந்துவிட்டது, சாக்கடை நாற்றம். வீட்டுக்குள் வெயில் கிடையாது, மண் காய நாளாகும். ஈரம் நின்றுகொண்டே இருந்தால் வேருக்குக் காற்றில்லாமல் அழுகிவிடும்.

இப்போதெல்லாம் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் கிடையாது. மணி பிளாண்ட்டுக்கு மே மாதம் நாலு நாளுக்கு ஒருமுறை ஊற்றுகிறேன். ஐப்பசி அடைமழையில் பத்து நாள்கூட ஆகும். பாம்புச் செடி இலையிலேயே தண்ணீரைச் சேர்த்துவைக்கும். அதற்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை போதும். ஆனால் ஊற்றுகிற அன்று கஞ்சத்தனம் கூடாது. அடி ஓட்டையில் வழியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். ஓட்டையில்லாத பீங்கான் தொட்டி யாராவது பரிசு கொடுத்தால் அதில் பேனா போட்டு வையுங்கள்.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. மண்மேல் வெள்ளையாகப் பூத்து, இலை நுனி கருகியது. அதனால் ஏசியில் சொட்டுவதை வாளியில் பிடித்து ஊற்றுகிறேன், அதில் உப்பில்லை.

இலை இடுக்கில் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தால் மாவுப்பூச்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் சில சொட்டு விட்டுக் குலுக்கி, வாரம் ஒருமுறை சாயங்காலத்தில் அடியுங்கள். வீடு நாறும், என் பெண் அன்று மொட்டை மாடிக்குப் போய்விடுவாள்.

அழுகிய பாம்புச் செடியைத் தூக்கிப்போட வேண்டாம். நல்ல இலையைத் துண்டாக வெட்டி, இரண்டு நாள் நிழலில் காயவிட்டு, தலைகீழாகிவிடாமல் மணலில் நட்டேன். மாதக்கணக்கில் ஒன்றும் தெரியவில்லை, அப்புறம் ஒரு குருத்து. டிவி பக்கத்தில் நிற்பது அதுதான். பழைய செடிக்கு இருந்த மஞ்சள் ஓரம் மட்டும் இதற்கு இல்லை. இலைத்துண்டில் முளைத்தால் வெறும் பச்சையாகத்தான் வரும்.