மக்காச்சோளத்துக்கு யூரியா: எப்போது, எங்கே, எவ்வளவு?

இறவையில் வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு ஹெக்டேருக்கு 250:75:75 கிலோ தழை (நைட்ரஜன், யூரியா தருவது இதைத்தான்), மணி (பாஸ்பரஸ்), சாம்பல் (பொட்டாசியம்) சத்து என்பது தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்குத் தோராயமாக 100:30:30. மண் பரிசோதனை அட்டை கையில் இருந்தால் அதில் உள்ள அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

1. தொழு உரம்

கடைசி உழவில் ஏக்கருக்கு 5 டன் இறைத்து உழுதுவிடுங்கள். லோடு அளவு ஊருக்கு ஊர் மாறும், எடை கேட்டே வாங்குங்கள். குவியலுக்குள் கையை விட்டுப் பாருங்கள்: சூடு இருக்கக் கூடாது, சாண வாடை வரக் கூடாது, பிசைந்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். அரைகுறையாக மக்கிய குப்பையைக் கொட்டினால், அதில் உள்ள வைக்கோலை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தையே எடுத்துக்கொள்ளும். நாற்றுப் பருவத்திலேயே பயிர் வெளுத்துவிடும். களை விதையும் கூடவே வரும்.

நல்ல எருவாக இருந்தாலும் 5 டன்னில் சுமார் 25 கிலோ தழைச்சத்துதான். அதிலும் ஒரு பங்குதான் இந்தப் போகத்துக்குக் கிடைக்கும். "குப்பை அடிச்சாச்சு, யூரியா எதுக்கு?" என்று விட்டால் மகசூல் குறையும். எருவின் பெரிய வேலையே ஈரத்தையும் போடும் உரத்தையும் மண்ணில் பிடித்து வைப்பதுதான்.

2. அடியுரம்

விதைக்கும் சமயத்தில் ஏக்கருக்கு டிஏபி (தழையும் மணியும் சேர்ந்த உரம்) 65 கிலோ, பொட்டாஷ் (சாம்பல் சத்து உரம்) 50 கிலோ, யூரியா 28 கிலோ. டிஏபியிலேயே 12 கிலோ தழைச்சத்து வந்துவிடுவதால் யூரியா இவ்வளவு போதும். விதையை ஒட்டிப் போடாதீர்கள், முளைப்பு கெடும்.

3. விதைத்த 25ஆம் நாள்

முக்கியமான தவணை இது. பயிர் முழங்கால் உயரத்தைத் தொட்டதும் சத்தை வேகமாக இழுக்கத் தொடங்கும். முதலில் களை எடுங்கள், அப்புறம் 109 கிலோ யூரியா. மண் ஈரமாக இருக்கும்போது, செடியிலிருந்து நாலு விரல் தள்ளி வரிசையாகப் போட்டு, உடனே மண் அணையுங்கள். காய்ந்த மண்ணின் மேல் தூவிவிட்டால் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும். குருத்துக்குள் குருணை விழுந்தால் இலை கருகும்.

4. 45ஆம் நாள்

மீதி 54 கிலோ, அதே முறையில். வயலில் தண்ணீர் தேங்கி நின்றால் வடித்த பிறகே போடுங்கள்.

இடையில் அடியிலையின் நுனியிலிருந்து நடுநரம்பு வழியே 'வி' வடிவில் மஞ்சள் இறங்கினால் தழைச்சத்துப் பற்றாக்குறை. அடுத்த தவணையை நாலைந்து நாள் முன்னால் கொடுத்துவிடலாம். கதிர் பால் பிடித்த பிறகு போடும் யூரியா வீண்தான்.