நகரும் இரு ஏற்றங்களுக்கிடையிலான விசையைக் கணிக்கும் முறை

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கங்களில் உயர்தரப் பௌதிகவியலை இப்போதுதான் தொடங்கியிருக்கும் மாணவர்களுக்காக இதை எழுதுகிறேன். கூலோமின் விதி தெரிந்திருந்தால் போதும். கணிப்பான் தேவைப்படாத எண்களையே எடுத்திருக்கிறேன்.

இரு புரோத்தன்கள் 1 மில்லிமீற்றர் இடைவெளியில், அருகருகே, ஒரே திசையில், செக்கனுக்கு 3 × 10⁶ மீற்றர் வேகத்தில் செல்வதாகக் கொள்வோம். ஒவ்வொன்றின் ஏற்றமும் 1.6 × 10⁻¹⁹ கூலோம்.

முதலில் மின்விசையைக் காண்போம். இரு ஏற்றங்களின் பெருக்கத்தை 9 × 10⁹ ஆல் பெருக்கி, தூரத்தின் வர்க்கமாகிய 10⁻⁶ ஆல் வகுத்தால், ஏறத்தாழ 2.3 × 10⁻²² நியூற்றன் தள்ளுவிசை கிடைக்கும்.

அடுத்தது, முதற் புரோத்தன் இரண்டாவது இருக்கும் இடத்தில் உண்டாக்கும் காந்தப்புலம். ஏற்றத்தையும் வேகத்தையும் 10⁻⁷ ஆல் பெருக்கி, தூரத்தின் வர்க்கத்தால் வகுக்க, 4.8 × 10⁻¹⁴ தெஸ்லா வரும். (வேகமும் இணைப்புக் கோடும் செங்குத்தாக இல்லாவிட்டால், இடைக்கோணத்தின் சைனாலும் பெருக்க வேண்டும்.) இதனை இரண்டாவது புரோத்தனின் ஏற்றத்தாலும் வேகத்தாலும் பெருக்கினால் காந்தவிசை ஏறத்தாழ 2.3 × 10⁻²⁶ நியூற்றன். பிளெமிங்கின் இடக்கை விதிப்படி இவ்விசை முதற் புரோத்தனை நோக்கியிருப்பதால், இது கவர்ச்சி விசையாகும்.

காந்தவிசை மின்விசையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. புரோத்தனின் வேகத்துக்கும் ஒளியின் வேகத்துக்கும் உள்ள விகிதத்தின் வர்க்கமும் அதுவே. ஆகவே ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் விடை 0.9999 மடங்கு என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது சரியன்று. நகரும் ஏற்றத்தின் மின்புலம், வேகத்துக்குச் செங்குத்தான திசையில், கூலோமின் விதி தருவதைவிட 1.00005 மடங்காக வலுப்பெறுகிறது. இத்திருத்தம் காந்தவிசையின் பாதியளவு இருப்பதால் அதைப் புறக்கணிக்க இயலாது. சரியான விடை கூலோம் விசையின் 0.99995 மடங்காகும். இவ்வளவு நுட்பம் தேவையில்லையெனில், காந்தவிசையையும் சேர்த்தே விட்டுவிடலாம்; ஒன்றை மட்டும் வைத்துக்கொள்வதுதான் பிழை.

இத்தனை சிறிய விசை எங்கே புலப்படும்? பெரும் மின்னோட்டம் பாயும் இரு கம்பிகளுக்கிடையில், இலத்திரன்களின் ஏற்றத்தை உலோகத்தின் நேர் அயன்கள் ஏறக்குறைய முழுமையாக ஈடுசெய்வதால், மின்விசை மறைந்து காந்தவிசையே மேலோங்குகிறது.

இரு வேகங்களும் வெவ்வேறு திசைகளில் இருந்தால், ஒவ்வொரு புரோத்தன் மீதான விசையையும் தனித்தனியாகக் கணிக்க வேண்டும். அப்போது அவை சமமும் எதிருமாக அமையாமற் போகலாம். புலமும் உந்தத்தைச் சுமப்பதால் மொத்த உந்தம் காக்கப்படுகிறது.