இருமல் இல்லாத நாளில்தான் கோட்டை விடுகிறோம்

என் மகனுக்குச் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று தெரியவே நான்கு வயது ஆகிவிட்டது. அதற்கு முன் ஆறு மாதம் டிபி மாத்திரை சாப்பிட்டான். முத்தம் கொடுத்தால் உதட்டில் உப்புக் கரிக்கும். கடலூர் வெயிலில் எந்தப் பிள்ளைக்குத்தான் வியர்க்காது என்று விட்டுவிட்டேன். முதல் தவறு அதுதான். ஒரு லிட்டர் வியர்வையில் குளோரைடு (உப்பில் இருப்பதுதான்) 60 மில்லிமோலை எட்டினாலே இந்த நோய் என்று பெரும்பாலும் சொல்லிவிடுவார்கள். அவனுக்கு 104.

சிஎஃப்டிஆர் என்ற மரபணுவில் அப்பா, அம்மா இருவர் பக்கமும் குறை இருந்தால் வருகிற நோய் இது. நுரையீரல் சளி பசை மாதிரி கெட்டியாகிவிடும், அதில் கிருமி குடியேறும். அதனால் இருமல் மருந்து கொடுத்து இருமலை அடக்காதீர்கள். அந்தச் சளி வெளியே வர இருக்கிற வழியே இருமல்தான்.

நான் அதிகம் பார்க்கிற தவறு வேறு. பிள்ளை நன்றாக ஓடியாடினால் நெபுலைசரையும் (மருந்தைப் புகை மாதிரி ஆக்கி மூச்சில் இழுக்க வைக்கும் கருவி) சளியை வெளியேற்றும் மார்புப் பயிற்சியையும் நிறுத்திவிடுவது. பொங்கலுக்கு ஊருக்குப் போனோம், நான்கு நாள் விட்டுப்போச்சு என்பார்கள் (போகிப் புகை வேறு அந்த நாளில்தான்). நுரையீரல் தேய்வது வெளியே தெரியாது. ஊதிப் பார்க்கும் பரிசோதனையில், முதல் வினாடியில் எவ்வளவு காற்றைத் தள்ளுகிறான் என்ற எண்தான் காட்டிக்கொடுக்கும். அதை அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். போன முறை அவனுக்கே எவ்வளவு வந்தது என்று பாருங்கள். நான் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன். பத்து சதவீதம் இறங்கினால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விட வேண்டும். தொற்று முற்றிவிட்டால், ஆன்டிபயாடிக் முடிந்த பிறகும் சிலருக்குப் பழைய அளவு திரும்புவதே இல்லை.

மருந்துகளுக்கு வரிசை உண்டு. முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, அடுத்து நெபுலைசரில் உப்புக் கரைசல், அப்புறம் தட்டியும் ஊதியும் சளியை எடுப்பது, கடைசியில்தான் ஆன்டிபயாடிக் நெபுலைசர். சளி அடைத்திருக்கும்போது அதைக் கொடுத்தால் மருந்து உள்ளே போகாது. உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அதன்படியே செய்யுங்கள்.

நெபுலைசர் கப்பைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ஈரத்தோடு டப்பாவில் போட்டு மூடி வைத்தேன், இரண்டு வருஷம். சூடோமோனாஸ் என்ற கிருமிக்கு ஈரம்தான் வீடு. இப்போது சோப்பில் கழுவி, கொதிக்கிற தண்ணீரில் ஐந்து நிமிஷம் போட்டு, சுத்தமான துணியில் கவிழ்த்துக் காயவிடுகிறேன். கொதிக்க வைக்கலாமா என்று உங்கள் கருவியின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்னி நட்சத்திரத்தில் வெறும் தண்ணீர் மட்டும் கொடுப்பதும் தவறு. இந்தப் பிள்ளைகள் வியர்வையில் உப்பை இழந்துகொண்டே இருப்பார்கள். உப்புப் போட்ட மோர், கஞ்சி, ஓஆர்எஸ் எல்லாம் கொடுக்கலாம். அளவை டாக்டரிடம் கேளுங்கள்.

புதுச்சேரியில் பரிசோதனைக்குக் காத்திருந்தபோது, இதே நோயுள்ள விழுப்புரத்துப் பெண் குழந்தை ஒன்று வந்திருந்தது. இரண்டும் ஒரே பாக்கெட்டில் கைவிட்டு பிஸ்கட் தின்றன. தோழமை கிடைத்ததே என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றும், ஆறடி தள்ளி உட்கார வையுங்கள் என்று நர்ஸ் வந்து சொன்னார். பிரித்து உட்கார வைக்கும்போது இரண்டும் அழுதன. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் பேசிக்கொள்கிறார்கள், அவரவர் நெபுலைசரை வாயில் வைத்துக்கொண்டு.